கணக்கு வராது என்று யார் சொன்னது?

2022 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தில்லி முனிர்க்காவில் எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. வாசலில் இரண்டு பெரிய பைகள் நிறைய இட்லி மாவுப் பொட்டலங்களோடு ஒரு பெண் நின்றிருந்தாள். வயது நாற்பது இருக்கும். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. மாவு வேண்டுமா என்று கேட்க வந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் பைகளைக் கீழே வைத்துவிட்டாள்.

"மேடம், என்னைத் தெரியலையா? 97ஆம் வருஷ பேட்ச். டென்த் பி. கடைசி பெஞ்ச்."

33 ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்து, 2021இல் ஓய்வு பெற்றவள் நான். எல்லா முகங்களும் நினைவில் நிற்பதில்லை. ஆனால் இந்த முகம் நின்றிருந்தது. காரணம் நல்ல காரணமல்ல.

அவளை உள்ளே அழைத்துக் காபி கொடுத்தேன். கணவர் டாக்சி ஓட்டுகிறார் என்றாள். வீட்டிலேயே கிரைண்டர் போட்டு, முனிர்க்காவிலும் ஆர்.கே. புரத்திலும் இருக்கும் தமிழ், மலையாளக் குடும்பங்களுக்கு மாவு கொடுக்கிறாள். பெண் 9ஆம் வகுப்பு. பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள்.

"இவளுக்குக் கணக்கு வரமாட்டேங்குது மேடம். என்னை மாதிரியே. எங்க குடும்பத்துக்கே கணக்கு வராது. பாஸ் பண்ற அளவுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தீங்கன்னா போதும்."

சர்க்கரை நோய் பரம்பரையாக வருவதைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் காபி தொண்டையில் இறங்கவில்லை. அந்த வாக்கியத்தை அவளுக்குக் கொடுத்தவள் நான்.

1997 ஜனவரி. பொதுத் தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வு முடிந்து விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் 47 பேர். அவளுடைய தாளில் பெயர், எண், அழகான கையெழுத்தில் கேள்விகள். விடை எழுத வேண்டிய இடங்கள் வெள்ளையாக இருந்தன. அவளை எழுப்பி நிறுத்தி, எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "உனக்குக் கணக்கு வராதும்மா. பாஸ் மார்க்குக்குத் தேவையானதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோ. அப்புறம் தையல் கிளாஸ் மாதிரி ஏதாவது பாரு."

கோபத்தில் சொல்லவில்லை. பரிவோடுதான் சொன்னேன். இல்லாத ஆசையை வளர்க்காமல் உண்மையைச் சொல்கிறேன் என்ற நினைப்பு. அன்று மாலை வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியும் இருப்பேன். அந்த மார்ச்சில் அவள் கணக்கில் தேறவில்லை. கம்பார்ட்மென்ட் தேர்விலும் தேறவில்லை. படிப்பு அத்தோடு நின்றது. இதெல்லாம் எனக்குத் தெரிய 25 ஆண்டுகள் ஆயின.

பெண்ணை அனுப்பு என்றேன். காசு வேண்டாம், வாரம் ஒரு கிலோ மாவு கொடு, போதும். பெருந்தன்மை என்று அவள் நினைத்திருக்கலாம். கடன் என்று எனக்குத் தெரியும்.

தமிழில் இந்த வழக்கு விசித்திரமானது. பாட்டு வரும், இந்தி வரும், கணக்கு வராது. கணக்கு ஏதோ மழைபோல் தானாக வர வேண்டியது, சிலர் வீட்டுப் பக்கம் வராமல் போய்விட்டது என்பதுபோல் பேசுகிறோம். இந்தியிலும் இதே கதைதான். என் வகுப்புகளில் அதிகம் கேட்ட வாக்கியம் "முஜ்ஸே நஹி ஹோகா" - என்னால் ஆகாது. வரலாறு வராது என்று எந்தக் குழந்தையும் சொல்லி நான் கேட்டதில்லை. அதைப் படிக்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

நம் நாட்டில் இது ஒன்றிரண்டு வீடுகளின் சிக்கலும் அல்ல. 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதம் கற்பித்தலை ஆராய்ந்த குழு, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையில் இயங்கியது. பள்ளிக் கணிதத்தின் சிக்கல்களை அது பட்டியலிட்டபோது முதலில் வைத்தது, பெரும்பாலான குழந்தைகளிடம் இருக்கும் பயத்தையும் தோல்வி உணர்வையும்தான். 2024 ஜனவரியில் வெளியான 'அசர்' அறிக்கைக்காக, 26 மாநிலங்களின் 28 ஊரக மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கச் சொன்னார்கள். சரியாகச் செய்தவர்கள் 43.3 சதவீதம். மற்றவர்களில் பலர் 9ஆம், 10ஆம் வகுப்புகளில் உட்கார்ந்து இயற்கணிதம் படிக்கிறார்கள். அதாவது, படிப்பதாகப் பாவனை செய்கிறார்கள்.

இதற்குக் கட்டாயத் தேர்ச்சிதான் காரணம் என்று ஆசிரியர் அறைகளில் எளிதாகச் சொல்லிவிடுவோம். கல்வி உரிமைச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தபோது 8ஆம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்றார்கள். 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் 5, 8ஆம் வகுப்புகளில் மீண்டும் நிறுத்தலாம் என்று விதி கொண்டுவந்தது. ஆனால் 1997இல் கட்டாயத் தேர்ச்சி கிடையாது. அப்போதும் கடைசி பெஞ்சில் வெள்ளைத்தாள்கள் இருந்தன. அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைப்பதால் மட்டும் ஒரு குழந்தைக்குப் பின்னம் புரிந்துவிடாது.

முதல் நாள் அந்தப் பெண்ணிடம் 9ஆம் வகுப்புக் கணக்கு எதையும் கேட்கவில்லை. ஒரு தாளில் 10 சின்னக் கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். நேரக் கணக்கு இல்லை, மதிப்பெண் இல்லை. தெரியாவிட்டாலும் என்ன தோன்றுகிறதோ அதை எழுது, காலியாக மட்டும் விடாதே என்றேன்.

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். மைனஸ் 7உடன் 3ஐக் கூட்டினால்? மைனஸ் 10. எட்டும் நாலும் சேர்ந்தால் எதுவும் ஐந்தும் சேர்ந்ததற்குச் சமம்? 12 என்று எழுதியிருந்தாள்.

இந்த மூன்று தவறுகளையும் பல்லாண்டுகளாகச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். அன்றுதான் உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது தவறைப் பாருங்கள். சமக்குறி என்றால் 'இதோ விடை வருகிறது' என்று அவள் புரிந்துகொண்டிருக்கிறாள். தராசின் இரு தட்டுகளும் சமம் என்று யாரும் அவளுக்குப் பதிய வைக்கவில்லை. அப்படியிருக்க, சமன்பாட்டில் ஓர் எண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும் என்று நாம் சொல்வது மந்திரமாகத்தானே தோன்றும்? மந்திரத்தை மனப்பாடம் செய்யலாம். மறந்துபோனால் நாமே மறுபடி உண்டாக்க முடியாது.

இவள் அறிவில் குறை ஒன்றும் இல்லை. படிக்கட்டில் மூன்று படிகள் உடைந்திருந்தன. எப்போது உடைந்தன என்பதும் தெரிந்தது. 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது அவள் 6ஆம் வகுப்பை முடித்திருந்தாள். எதிர்ம எண்களும் சமன்பாடுகளும் சூடுபிடிக்கும் 7ஆம் வகுப்பை, அப்பா டாக்சியை எடுத்துக்கொண்டு போகாத நாட்களில் மட்டும் கிடைத்த ஒரே செல்போனில் படித்தாள். 8ஆம் வகுப்பும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் அவளும் அவள் அம்மாவும் இதைப் பரம்பரைக் குறை என்றே நம்பினார்கள்.

நம்பிக்கை ஊட்டுவது என்றால் முதுகில் தட்டிக்கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்தத் தப்பை உடைத்தவன் வேறொரு பையன். ஓய்வு பெற்ற புதிதில் எங்கள் குடியிருப்புக் காவலாளியின் மகன் என்னிடம் வந்தான். அவனும் 9ஆம் வகுப்பு. அடிப்படையிலிருந்து தொடங்கலாம் என்று 4ஆம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்தேன். ஒவ்வொரு கணக்குக்கும் வெரி குட், வெரி குட் என்றேன். மூன்றாம் நாள் அவன் இந்தியில் கேட்டான்: "மேம், நாலாம் கிளாஸ் கணக்குப் போட்டதுக்கு வெரி குட்டா? நான் அவ்வளவு மக்கா?"

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. 9ஆம் வகுப்பில் இரண்டு முறை தவறி, பள்ளியை விட்டுவிட்டான். இப்போது மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். வழியில் பார்த்தால் மரியாதையாக வணக்கம் சொல்வான். எனக்குத்தான் பதில் வணக்கம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அவனிடம் கற்றுக்கொண்டது இது. தெரிந்த அளவைப் பார்த்து, அங்கிருந்து கற்பிப்பது சரியான வழிதான். பிரதம் அமைப்பு தொடக்கப் பள்ளிக் குழந்தைகளை வகுப்பு பார்க்காமல் தெரிந்த அளவின்படி குழுக்களாகப் பிரித்துப் பல மாநிலங்களில் அதைச் செய்துகாட்டியிருக்கிறது. ஆனால் 8 வயதுக் குழந்தைக்கு இல்லாத ஒன்று 14 வயதுக் குழந்தைக்கு இருக்கிறது. வெட்கம். சின்னப் பிள்ளைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், அதிலிருக்கும் கணக்கைவிட அதன் அட்டைதான் அவனுக்குப் பெரிதாகத் தெரியும். பொய்யான பாராட்டை அவன் ஒரு நொடியில் மோப்பம் பிடித்துவிடுவான்.

ஆகவே இவளோடு வேறு மாதிரி தொடங்கினேன். மேசைமேல் திறந்திருந்தது 9ஆம் வகுப்புப் புத்தகம். அதில் ஒரு கணக்கை எடுப்போம். எங்கே கால் இடறுகிறதோ அங்கே நின்று, அந்த உடைந்த படியை மட்டும் சரிசெய்துவிட்டு மீண்டும் 9ஆம் வகுப்புக்கு ஏறிவிடுவோம். ஐந்து நிமிடம் கீழே, பத்து நிமிடம் மேலே.

பின்னத்தைச் சரிசெய்ய அவள் அம்மாவின் மாவே உதவியது. "அரைக் கிலோ மாவோடு இன்னும் கொஞ்சம் மாவு போட்டால் அரைக் கிலோவைவிடக் கூடுமா, குறையுமா?" என்றேன். "கூடும்" என்றாள். "நீ எழுதிய ஐந்தில் இரண்டு, அரையைவிடப் பெரிதா, சிறிதா?" கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு முக்கியம். தப்பு என்று நான் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தாள். பிறகு ஒரு டஜன் வாழைப்பழம். அதில் பாதி 6, மூன்றில் ஒரு பங்கு 4. மொத்தம் 12க்கு 10. "அப்ப ஆறில் அஞ்சு" என்றாள். பொதுப் பகுதி எண் என்ற சொல்லை அதற்கப்புறம்தான் சொன்னேன்.

மைனஸுக்கு மெட்ரோ நிலையத்தின் லிஃப்ட். தரைதான் பூஜ்யம். தரைக்குக் கீழே 7ஆம் தளத்தில் நிற்கிறாய், 3 தளம் மேலே வந்தால் எங்கே இருப்பாய்? "அவ்வளவு ஆழமா எந்த ஸ்டேஷனும் கிடையாது மேடம்" என்று திருத்தினாள். ஆனால் விடை சரி: மைனஸ் 4.

மெல்ல மெல்லக் கூட்டம் சேர்ந்தது. அவளுடைய தோழிகள் இரண்டு பேர், கீழ்வீட்டுப் பையன் என்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு பேர். வாரம் மூன்று மாலைகள். சில விதிகளை வைத்துக்கொண்டோம்.

முதல் விதி, தாளைக் காலியாக விடக் கூடாது. இதற்குத் தேர்வு அறை சார்ந்த காரணமும் உண்டு. மத்திய வாரியத் தேர்வில் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு. இறுதி விடை தப்பானாலும் சரியான படிகளுக்குக் கிடைக்கும். வெள்ளைத்தாளுக்கு எந்தக் கருணை உள்ள ஆசிரியராலும் மதிப்பெண் போட முடியாது.

இரண்டாவது விதி எனக்கானது. சிவப்புப் பேனாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பெருக்கல் குறி போடுவதற்குப் பதிலாக, எந்த வரி வரை சரியோ அதன் கீழே பென்சிலால் ஒரு கோடு. 'இது வரை சரி' என்று அர்த்தம். கோட்டுக்குக் கீழே என்ன நடந்தது என்று அவர்களே தேட வேண்டும். ஏழு வரிக் கணக்கில் ஐந்து வரி சரியாகச் செய்த குழந்தையை, ஒரு பெருக்கல் குறியால் ஒன்றும் தெரியாதவளாக இத்தனை ஆண்டுகள் ஆக்கியிருக்கிறேனே என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன்.

மூன்றாவது விதி, வாரம் ஒரு நல்ல தப்பை எடுத்து எல்லோரும் சேர்ந்து ஆராய்வது. யாருடையது என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம், இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கப்படுத்துவதும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டுவதும் ஒன்றுதான் என்ற தப்பு. 3ஐயும் 4ஐயும் போட்டுப் பார் என்றேன். ஒரு பக்கம் 49, இன்னொரு பக்கம் 25. மீதி 24 எங்கே போயிற்று? தரையில் பக்கத்துக்கு 7 ஓடுகள் உள்ள ஒரு சதுரத்தைச் சாக்பீஸால் வரைந்தோம். ஒரு மூலையில் 9, எதிர் மூலையில் 16. மீதியிருந்த இரண்டு செவ்வகங்களிலும் தலா 12 ஓடுகள். "இதுதான் அந்த 2ஏபியா!" என்று கீழ்வீட்டுப் பையன் கத்தியதில், தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்துவிட்டார்.

ராமானுஜனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பிறந்த டிசம்பர் 22ஐ 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறோம். பள்ளிக் கூட்டத்தில் அவர் கதையைச் சொல்கிறோம். அந்த ஆண்டு பள்ளியிலிருந்து வந்தவள் முகம் வாடியிருந்தது. "அவருக்கு நாமகிரித் தாயார் கனவுல வந்து சொல்லிக் கொடுத்தாங்களாம். எனக்கு யார் வருவாங்க?" என்றாள். ஊக்கம் தருவதாக நினைத்து நாம் சொல்லும் கதை, தடுமாறும் குழந்தையின் காதில் 'இது பிறவியிலேயே வர வேண்டியது' என்றுதான் விழுகிறது. அவர் கல்லூரித் தேர்வில் தோற்றவர் என்பதைச் சொன்னேன். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்து அழித்து மறுபடி போட்டதைச் சொன்னேன். கனவைவிடச் சிலேட்டு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த முறை திருச்சிக்குப் போனபோது ஆறு சிலேட்டுகள் வாங்கி வந்தேன். நோட்டில் தப்பு எழுதப் பயப்பட்ட குழந்தைகள் சிலேட்டில் துணிந்து எழுதினார்கள். தப்பு அங்கே சாட்சியாக நிற்பதில்லை அல்லவா?

2023 பொங்கல் சமயத்தில் நடந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம். விகிதக் கணக்கு ஒன்று கொடுத்திருந்தேன். அரிசியும் உளுந்தும் சேர்ந்து 10 கிலோ. அரிசி, உளுந்தைப் போல் மூன்று மடங்கு. ஒவ்வொன்றும் எவ்வளவு? அவள் உளுந்தை எக்ஸ் என்றும் அரிசியை 3எக்ஸ் என்றும் எழுதிவிட்டு யோசித்துக்கொண்டிருந்தாள். அவளை அழைத்துப்போக வந்த அம்மா, செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்: "உளுந்து ரெண்டரை, அரிசி ஏழரை."

மேசையைச் சுற்றி எல்லோரும் நிமிர்ந்தோம்.

"எப்படிம்மா?"

"மூணுக்கு ஒண்ணுன்னா மொத்தம் நாலு பங்கு. பத்தை நாலாப் பிரிச்சா ரெண்டரை. தினமும் பண்றதுதானே?"

"அம்மா, அதுதான் 4எக்ஸ் ஈக்வல் டு 10!"

"அதென்னமோ எனக்குத் தெரியாது. இது வியாபாரம். கணக்கு இல்லை" என்றாள் அவள்.

2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் அந்த ஆய்வாளர்களில் இருந்தார்கள். கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட சிறார்களைப் பார்த்தார்கள். பல பொருள்களின் விலையைப் பெருக்கிக் கூட்டி, மீதிச் சில்லறையை மனத்திலேயே சொல்லிவிடும் இவர்கள், அதே மாதிரிக் கணக்கைப் பள்ளிப் பாணியில் தாளில் கொடுத்தபோது தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ பாடப்புத்தகக் கணக்கைச் செய்தார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டு கரைகளுக்கும் நடுவே பாலம் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. செருப்பைக் கழற்றியபடி சமன்பாட்டுக்கு விடை சொன்னவளை என் வீட்டு வாசலில் பார்த்திருந்தேனே!

அன்று குழந்தைகள் போன பிறகு அவளை நிறுத்தி, 26 ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னேன். "அன்னிக்கு வகுப்புல உன்னைப் பத்தி நான் சொன்னது தப்பு. உனக்குக் கணக்கு வராதுன்னு சொன்னது தப்பு."

அவள் மறுத்துப் பேசுவாள், 'பரவாயில்லை மேடம்' என்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லவில்லை.

"ஞாபகம் இருக்கு மேடம். நீங்க மட்டும் சொல்லலை. எங்க அப்பா சொன்னாரு, அண்ணன் சொன்னாரு. அப்பல்லாம் நம்பலை. நீங்க சொன்னப்பதான் நம்பினேன். நீங்க கணக்கு டீச்சராச்சே, உங்களுக்குத் தெரியாதான்னு."

அவ்வளவுதான். பெண்ணின் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். எனக்குக் கிடைத்த விருதுகள் அலமாரியில் இருக்கின்றன. அதற்குப் பிறகு அவற்றை நான் துடைத்து வைப்பதில்லை.

10ஆம் வகுப்பில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. 2020 தேர்விலிருந்து மத்திய வாரியம் கணிதத்தில் இரண்டு தாள்கள் வைக்கிறது: ஸ்டாண்டர்ட், பேசிக். இரண்டாவது எளிது. பாடத்திட்டம் ஒன்றுதான். கேள்விகளின் கடினம்தான் வேறு. பேசிக் எடுத்தவர்கள் 11ஆம் வகுப்பில் கணிதம் எடுக்க முடியாது என்று முதலில் விதித்து, பெருந்தொற்றுக்குப் பிறகு அதைத் தளர்த்தினார்கள். பயத்தைக் குறைக்க வந்த ஏற்பாடு இது. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் யார் எதை எடுப்பது என்பதைப் பல இடங்களில் குழந்தையைக் கேட்காமலே முடிவு செய்கிறார்கள். அவள் பள்ளியிலும் அவளைப் பேசிக் பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

அம்மாவுக்கு அதுவே போதும். எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஸ்டாண்டர்ட் எடுத்துத் தோற்றால்? மறுபடியும் ஒரு குழந்தையின் வாழ்க்கையில் தப்பான வாக்கியத்தைச் சொன்னவளாக ஆகிவிடுவேனோ? அதனால் எதுவும் சொல்லாமல், முந்தைய ஆண்டுகளின் இரண்டு வகைக் கேள்வித்தாள்களையும் அவளிடம் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு நீயே சொல் என்றேன். இரண்டு வாரம் கழித்து வந்து, "ஸ்டாண்டர்டுல நாலு கேள்விதான் மேடம் சுத்தமாப் புரியலை. மத்ததெல்லாம் பாதியாவது வருது" என்றாள். வரும் என்ற சொல்லை அவள் வாயால் கேட்டது அன்றுதான் முதல் தடவை. பள்ளிக்குப் போய் அவளே பேசிப் பட்டியலை மாற்றச் சொன்னாள்.

2024 மே மாதம் முடிவு வந்தது. கணக்கில் 63. பத்திரிகையில் படம் வரும் மதிப்பெண் அல்ல. அந்த மேசையில் படித்த ஆறு பேரில் ஒருத்தி பேசிக் எடுத்து 41 வாங்கினாள். கீழ்வீட்டுப் பையன் 88. இன்னொருத்தி தேறவில்லை, கம்பார்ட்மென்ட் தேர்வில்தான் தேறினாள். எல்லோரையும் மேதையாக்கும் வித்தை என்னிடம் இல்லை. ஆனால் ஆறு பேரில் ஒருவர்கூட வெள்ளைத்தாள் கொடுக்கவில்லை.

63 வாங்கியவள் 11ஆம் வகுப்பில் வணிகவியலோடு பயன்பாட்டுக் கணிதம் எடுத்தாள். அம்மாவின் மாவுக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்து, ஒரு பொட்டலத்துக்கு மின்சாரச் செலவைச் சேர்க்காமலே விலை வைத்திருக்கிறோம் என்று கண்டுபிடித்தாள். விலை ஐந்து ரூபாய் ஏறியது. எனக்கு வரும் வாராந்திர ஒரு கிலோவை மட்டும் அம்மா நிறுத்தவில்லை.

அந்த வருடம் ஜூலையில் 9ஆம் வகுப்புப் பையன் ஒருவன் புதிதாக வந்தான். அன்று எனக்கு ஜுரம். சோபாவில் படுத்திருந்தேன். இவள்தான் மேசையில் அவனோடு உட்கார்ந்தாள். அவன் பையைத் திறப்பதற்கு முன்பே சொன்னான்: "தீதி, எனக்கு மேத்ஸ் வராது."

இல்லை, உனக்கு வரும், நீ புத்திசாலி என்று அவள் சொல்லவில்லை. ஒரு சிலேட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"எது வரைக்கும் வருது, சொல்லு. அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்."